ஜெயிலுக்குள் ஒரு சொகுசுப் பயணம்!

"ஏம்மா, நாம என்ன தப்பு பண்ணுனோம்?"

இஸ்தான்புல்லில் ஹோட்டல் வரவேற்பறையில் போய் உட்கார்ந்ததும் என் எட்டு வயது மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். மாதுளை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்த பெண், "நீங்கள் தங்கப்போகும் இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சிறைச்சாலை" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் இவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

உண்மைதான். பழைய நகரத்தின் நடுவில், ஹாகியா சோஃபியாவிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கும் அந்த மஞ்சள் கட்டடம் 1969 வரை சிறையாக இருந்தது. துருக்கியின் பெரும் கவிஞர் நாசிம் ஹிக்மத்தையே அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். 1996-ல் அதை நட்சத்திர ஹோட்டலாக மாற்றினார்கள். கைதிகள் நடந்த முற்றத்தில் இன்று தோட்டம். ஒரு இரவு வாடகை, எங்கள் யூனிட்டில் வேலை செய்யும் மூன்று டெய்லர்களின் ஒரு மாதச் சம்பளம்.

"அப்போ நாம பணம் குடுத்து ஜெயில்ல இருக்கப் போறமா?" என்றான் மகன். நானும் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியவள் சிரிக்கவில்லை. காதிலிருந்த இயர்போனைக்கூட எடுக்கவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. ஜூன் மாதம் அவளை நீட் கோச்சிங்கோடு சேர்ந்த ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூலில் விடுவதாக ஏற்பாடு. அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. கட்டிவிட்டு வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னோம். "சரிங்ப்பா" என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு கேட்டதற்குப் பதில் வரும், அவளாக ஒரு வார்த்தை வராது.

என் கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. ஐரோப்பிய ஆர்டர்களுக்கு எங்களோடு போட்டி போடும் ஊர் என்றுதான் துருக்கியை அவருக்குத் தெரியும். "ரெண்டு வருஷம் கஷ்டப்படப் போறா. அதுக்கு முன்னாடி ஒருக்கா ராணி மாதிரி கூட்டிட்டுப் போய்ட்டு வந்துர்லாம்" என்று அவர்தான் ஆரம்பித்தார். அவர் அப்படிச் செலவு செய்கிற ஆள் இல்லை. மகளின் மௌனம் அவரையும் உறுத்தியிருக்க வேண்டும்.

அதனால் எல்லாமே உயர்தரம். தனி வேன், தனி கைடு, பிள்ளைகளுக்குத் தனி அறை. காலை ஒன்பது மணி முதல் ராத்திரி ஒன்பது வரை எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்று மணிக்கணக்கில் அட்டவணை. கம்பெனி ஷிப்மென்ட்டுக்குப் போடுவது போலவே போட்டுவைத்திருந்தார்.

முதல் நாள் ஹாகியா சோஃபியா. கி.பி. 537-ல் கட்டி முடித்த கட்டடம். பேராலயமாக இருந்து, 1453-ல் மசூதியாகி, பிறகு அருங்காட்சியகமாகி, 2020-லிருந்து மறுபடியும் மசூதி. வெளிநாட்டவரை மேல்மாடம் வழியாக அனுப்புகிறார்கள். பெண்கள் தலையை மூட வேண்டும், துப்பட்டா கையோடு இருந்தால் நல்லது. அங்கே பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ஓர் எழுத்துக் கிறுக்கலைக் கைடு காட்டினார். ஆயிரம் வருஷங்களுக்கும் முன்னால் வடதேசத்திலிருந்து வந்த வைக்கிங் வீரன் ஒருவன் 'ஹாஃப்டான்' என்று தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். "அவனை யாரும் திட்டலையா?" என்று என் மகன் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அடுத்து, பூமிக்கடியில் 336 தூண்கள் நிற்கும் பழைய நீர்த்தேக்கம். மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் பாம்புக் கூந்தல் மெதூசாவின் தலைகள், ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். மகன் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். வெளியே வந்தால் வழியெல்லாம் பூனைகள். ஹோட்டலுக்குத் திரும்பி, "எது பிடிச்சுது?" என்று கேட்டதற்கு, "பதினேழு பூனை பார்த்தேன்" என்றான். பெரியவள், "எல்லாமே நல்லா இருந்துச்சுங்ம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாம் நாள் தோப்காபி அரண்மனை. செவ்வாய்க்கிழமை விடுமுறை, போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். 86 காரட் வைரம், ரத்தினம் பதித்த குத்துவாள் என்று கணவரும் மகனும் வாயைப் பிளந்தபடி வந்தார்கள். பிறகு அந்தப்புரப் பகுதிக்குள் போனோம். நீலமும் சிவப்புமாகப் பூ வேலை செய்த ஓடுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். "இங்கேதான் இளவரசர்களை அடைத்து வைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் கஃபெஸ். எங்கள் மொழியில் கூண்டு என்று அர்த்தம்" என்றார் கைடு.

முன்பெல்லாம் ஒருவர் சுல்தான் ஆனால், பதவிக்குப் போட்டி வரக்கூடாது என்று உடன்பிறந்த ஆண்களைக் கொன்றுவிடுவார்களாம். 1595-ல் மூன்றாம் மெஹ்மத் தன் சகோதரர்கள் 19 பேரைக் கொன்றார். அவருடைய மகன் முதலாம் அகமது 1603-ல் சுல்தான் ஆனபோது தம்பியைக் கொல்லவில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கூண்டு. எங்கள் ஹோட்டல் இருந்த பகுதிக்கே அந்த அகமது பெயர்தான். கூண்டுக்குள் நல்ல சாப்பாடு, பட்டுத் துணி, வேலையாட்கள் எல்லாம் உண்டு. வெளியே போக மட்டும் முடியாது. 1640-ல், 24 வயது இப்ராஹிமிடம் வந்து "இனி நீங்கள்தான் சுல்தான்" என்று சொன்னபோது, அவர் நம்பவில்லையாம். தன்னைக் கொல்ல ஏதோ சூழ்ச்சி என்று பயந்து, அண்ணனின் உடலைக் காட்டிய பிறகுதான் வெளியே வந்தாராம்.

பெரியவள் இயர்போனை எடுத்திருந்தாள். ஓர் ஓட்டின் மேல் விரலை வைத்து அதிலிருந்த பூவின் மேல் கோடு இழுத்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவங்களுக்கும் நல்லதுக்குத்தான்னு சொல்லித்தான் அடைச்சிருப்பாங்க, இல்லீங்ம்மா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் கபாப்பும் பாதாம் புட்டிங்கும் வந்தன. எதிலும் ருசி தெரியவில்லை.

ராத்திரி கணவரிடம் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "நாம என்ன கழுத்தையா நெரிக்கிறோம்? டாக்டராகட்டும்னு ஆசைப்படறது தப்பா?" என்றார். "ஆசைப்படறது தப்பில்லீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டமா?" என்றேன். அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே முற்றத்தில் விளக்குப் போட்டு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை மணிக்குப் படுத்தார் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அட்டவணைப்படி, பாஸ்பரஸ் ஜலசந்தியில் எங்களுக்கு மட்டும் தனிப் படகு. பழச்சாறு, மதியச் சாப்பாடு எல்லாம் அதிலேயே. காலைச் சாப்பாட்டு மேஜையில் கணவர் அந்த அட்டவணைத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு, இன்னைக்கு நீயே சொல்லு. எங்க போலாம்?"

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நிஜமாத்தானுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "எல்லாரும் போறாங்களே, அந்த ஃபெரியில போலாமுங்ப்பா" என்றாள். தனிப் படகுக்குக் கட்டிய பணம் திரும்பாது என்று தெரியும். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்று அவள்தான் எங்களைக் கூட்டிப் போனாள். எமினோனு படகுத்துறை வரை கல் பாவிய இறக்கத்தில் நடை. இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போனால் பிள்ளைகளுக்கு நல்ல ஷூ முக்கியம், தள்ளுவண்டி உருளாது. மெஷினில் பயண அட்டை வாங்கி, ஒரே அட்டையை நாலு முறை தட்டி எங்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள். எள் ஒட்டிய வளைய ரொட்டி நாலு வாங்கினாள். சிமித் என்கிறார்கள். கண்ணாடித் தம்ளரில் கட்டஞ்சாயா.

கப்பல் கிளம்பியதும் கடற்காகங்கள் கூடவே பறந்து வந்தன. மகன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு, அக்கரையில் கடிக்கோய்க்கு, இருபது நிமிடம்தான். இடது பக்கம், தண்ணீருக்கு நடுவில் தனியாக ஒரு சின்னக் கோபுரம் தெரிந்தது. கன்னிக் கோபுரம். பெரியவள் போனில் பார்த்துத் தம்பிக்குக் கதை சொன்னாள். மகள் பாம்பு கடித்துச் சாவாள் என்று ஜோசியம் கேட்ட ராஜா, அவளைப் பத்திரமாக அந்தக் கோபுரத்தில் குடிவைத்தானாம். அவளுக்கு ஆசையாக அனுப்பிய பழக்கூடைக்குள்ளேயே பாம்பு வந்துவிட்டதாம்.

"நம்ம பரீட்சித்து மகாராஜா கதை மாதிரியே இருக்குதே" என்றார் கணவர். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்த ஸ்கூலு... உனக்குப் புடிக்கலையா கண்ணு?"

"படிக்கறது புடிக்காம இல்லீங்ப்பா. யாருமே என்னைக் கேக்கல. அதான்."

"இப்பக் கேக்கறேன்."

"எனக்குத் தெரியலீங்ப்பா. போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால், அக்கரையில் இறங்கி மீன் கடைகளும் ஊறுகாய்க் கடைகளுமாக இருந்த சந்துகளில் நடந்தபோது, அவள் பேசியபடியே வந்தாள். இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது போலிருந்தது. ஒரு தெருவில் வழி தவறி அரை மணி நேரம் சுற்றினோம். அட்டவணை போட்டவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நல்ல ஹோட்டலில் தங்குங்கள், தப்பே இல்லை. அலைந்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்குச் சுத்தமான படுக்கையும் வெந்நீரும் வேண்டும். கைடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கைடு இல்லாவிட்டால் அந்தக் கூண்டின் கதை எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரே ஒரு நாளை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஊருக்கு வந்ததும் அந்த ஸ்கூலை நேரில் பார்க்கப் போனோம். லேப், லைப்ரரி, ஏசி வகுப்பறை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். கடைசியில் வார்டனிடம் ஒரே கேள்வி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை வெளிய போகலாமுங்களா?" மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கலாம், வெளியே அனுப்புவதில்லை என்றார் அவர். காரில் ஏறியதும், "வேண்டாமுங்ப்பா" என்றாள். கணவர் வண்டியைக் கிளப்பினார்.

இப்போது உள்ளூரிலேயே, பயாலஜி குரூப்தான் படிக்கிறாள். அவளே கேட்டு எடுத்தது. காலையில் சைக்கிளில் போகிறாள். மார்க் எப்படி வரும், நீட் என்ன ஆகும் என்று எனக்கு இன்னமும் ராத்திரியில் பயம் வருகிறது. தம்பிக்காரன் மட்டும் பார்ப்பவர்களிடமெல்லாம், "லீவுக்கு நாங்க ஜெயிலுக்குப் போயிருந்தோம்" என்று சொல்லி மானத்தை வாங்குகிறான்.

ஸ்கூலுக்குக் கட்டிய அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. என் கணவர் ஒரு பைசாவையும் கணக்கில் விடாதவர். அந்தத் தொகையை நோட்டில் எங்கே எழுதியிருக்கிறார் என்று ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். 'இஸ்தான்புல் செலவு' என்ற தலைப்புக்குக் கீழே, ஹோட்டல் வாடகைக்கு அடுத்த வரியில் எழுதியிருந்தார்.