த்ரீ நாட் த்ரீ

மெக்டொனால்ட் கேம்பஸ்ல நம்ம லேப் நண்பன் ஒருத்தன் வேட்டைக்காரன். "உலகமே முடங்கிப் போச்சுன்னா எந்தத் தோட்டாவை வாங்கி அடுக்கணும்?"னு ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும். வேகம், தூரம்னு ஒரே கணக்கு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நம்மூரு போலீஸ்காரர் தோள்ல தொங்கின த்ரீ நாட் த்ரீ மட்டும்தாங்க.

அதே லீ-என்ஃபீல்டைத்தான் கனடாவோட ரேஞ்சர்ஸும் 1947ல இருந்து வச்சிருந்தாங்க! வடக்கே பனிக்காட்டுல காவல் பாக்குற உள்ளூர் ஆளுங்க. எவ்வளவு குளிர்லயும் மக்கர் பண்ணாது, பனிக்கரடிக்கும் போதும். அப்புறம் ஏன் 2018ல மாத்த ஆரம்பிச்சாங்க? சக்தி பத்தாம இல்ல, உதிரி பாகம் கிடைக்கறதே கஷ்டமாயிடுச்சு. புது சி-19க்கு .308 தோட்டா. நேட்டோவோட 7.62க்கு அண்ணன் தம்பி மாதிரி, வேட்டைக் கடையிலயும் சாதாரணமா கிடைக்கும்.

கடைக்குச் சாமானே விமானத்துல வர்ற ஊர்ல இது கறிக்கும் பட்டினிக்கும் நடுவுல உள்ள விஷயம். அதனால என் கட்சி, கைக்கெட்டுற கடைல எது எப்பவும் இருக்கோ அதுதான் நல்ல தோட்டா. (303, 308... கடைசி எண்தான் வேற, ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணைப் போடக்கூடாது சாமி!)

உத்தரப் பிரதேச போலீஸ்கூட 2020ல த்ரீ நாட் த்ரீக்கு டாட்டா காட்டிட்டாங்க.