கண்டிக் காரும் நுவரெலியாக் காற்றும்

சித்திரை நெருங்கினால் கண்டியிலே மோட்டார்ப் பித்துக் கொண்ட இளைஞர்க்கு உறக்கமேது? நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியே காரணம். அங்கே கார்கள் தனித்தனியே ஏறும், எதிராளி கடிகாரமே.

நம்மிடம் பயின்ற இருவர் பழைய கார் ஒன்றைக் கண்டியில் செம்மையாகத் திருத்தி ஓட்டிச் சென்றனர். நாமும் உடன் சென்றோம். பேராதனை, கம்பளை, புசல்லாவை கடந்து றம்பொடை அருவியை அணுகுகையில் வண்டி கரும்புகை கக்கிற்று; இழுவையும் குன்றிற்று.

கண்டியின் உயரம் ஏறத்தாழ 500 மீற்றர். நுவரெலியாவோ 1,868 மீற்றர். இடையிலே காற்றழுத்தம் ஏழிலொரு பங்களவு குறைகிறது. காற்றுக் குறைந்த அளவுக்குக் காபரேற்றர் பெற்றோலைக் குறைப்பதில்லை; கலவை செறிந்துவிடுகிறது. துளை சிறுத்த ஜெற்றைப் பூட்டியதும் புகை அடங்கியது. இழந்த வலு முழுவதும் மீளவில்லை. மலை தன் வரியை வாங்கியே தீரும்.

மூத்தவர்க்கு வேகமே குறி. இளையவரோ ஒவ்வொரு பயிற்சி ஓட்டத்துக்கும் குளிர், ரயர்க் காற்று, ஏறிய நேரம் ஆகியவற்றைக் கொப்பியிற் குறித்தார். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பயன் எதனால் வந்ததென எவர் சொல்வார்? நம் கல்லூரி ஆய்வுகூடத்திலும் இத்துணை ஒழுங்கை நாம் கண்டதில்லை! நொடிக்கணக்கில் வேறுபட்ட நேரங்கள் மாலைக்குள் அரை நொடிக்குள் அடங்கின.

திங்கட்கிழமை வேலைக்குச் செல்லவும் அவர்களுக்கு அந்தக் காரே கதி. ஆகவே இறங்குமுன் பழைய ஜெற்றையே பூட்டினர். கண்டியின் கனத்த காற்றில் சிறுதுளை இருப்பின் கலவை மெலிந்து எந்திரம் சூடேறும்; வால்வு கருகவுங் கூடும்.