கோவணமும் நாசாவும்

நீச்சல் போட்டியில ஆம்பளைங்க போடற உடுப்பு நூறு வருஷத்துல எப்படியெல்லாம் மாறிச்சுன்னு படிச்சா, எங்க ராமேஸ்வரம் பக்கத்து ஆளுங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஏன்னு சொல்றேன்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜானி வைஸ்முல்லர் (பிற்பாடு டார்ஜானா நடிச்சவரேதான்!) போட்டிருந்தது தோளிலிருந்து தொடை வரை ஒரே துண்டு உடுப்பு. ஆம்பளையும் மார்பை மூடணும், அதுதான் அப்போ மரியாதை. அப்புறம் மேல்துணி போச்சு, நைலான் வந்தது. 1972 மியூனிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஒரு சின்ன ஜட்டியோட இறங்கி 7 தங்கம் வாங்கினார். ஏழுமே உலக சாதனை.

சரி, இதோட முடிஞ்சதுன்னு பார்த்தா மறுபடியும் மூட ஆரம்பிச்சாங்க. 2000 சிட்னியில் உடம்பு முழுக்க மூடற உடுப்பு. 2008-ல் ஸ்பீடோ கம்பெனி நாசாவோட காற்றுச் சுரங்கத்துல துணியைச் சோதிச்சு ஒண்ணு கொண்டுவந்தது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும், தண்ணியில மிதக்கவும் உதவும். அடுத்த வருஷம் ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனை! நீந்தினது ஆளா, உடுப்பான்னு எல்லாரும் கேட்க ஆரம்பிச்சதும் 2010 ஜனவரி 1 முதல் தடை. இப்போ ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரைதான், அதுவும் நெய்த துணி மட்டும்.

இனி நம்ம கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளிச்ச அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இடுப்பில் ஒரு கோவணம், இறங்க ஒரு கல், ஏற ஒரு கயிறு. அவ்வளவுதான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர். 1966-ல் மிஹிர் சென் அதைக் கடக்க 25 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. 1971-ல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போயிட்டுத் திரும்பியும் வந்தார். 1994-ல் குற்றாலீஸ்வரன் நீந்தினப்போ வயசு 12. இந்த மாதிரி நீச்சலுக்கு உலகம் முழுக்க ஒரு மரபு உண்டு: சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி. உடம்புக்குச் சூடு தர்ற, மிதக்க வைக்கிற ரப்பர் உடுப்பு கூடாது. சொறி சுட்டாலும் தாங்கிக்கிட்டுத்தான் போகணும். நாசா இல்லாமலே நம்ம கடல் இந்தச் சட்டத்தைப் போட்டு வெச்சிருந்தது :)

ஆனா சிரிச்சுட்டுப் போகவும் முடியலை. என்கூடப் படிச்ச மீனவர் வீட்டுப் பையன் ஒருத்தன், சேராங்கொட்டைக் கடல்ல மீன் மாதிரி போவான். ஒரு நகரத்து நீச்சல்குளத்துல தேர்வுக்குப் போனவனை, காட்டன் டவுசர் போட்டு வந்தான்னு இறங்கவே விடலை. காட்டன் தண்ணி குடிக்கும், நூல் உதிரும், குளத்துக்குன்னு விதி இருக்கு, அது நியாயம்தான். ஆனா ஒரு நீச்சல் டவுசரை இரவல் கொடுத்து, "இறங்குடா தம்பி"ன்னு சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தோணலையே! அவன் அதுக்கப்புறம் எந்தத் தேர்வுக்கும் போகலை.

உடுப்பு ஆளைத் தூக்கிவிடக் கூடாதுன்னு உலகமே கூடி ஒரு சட்டம் போட்டுச்சு. உடுப்பு இல்லைன்னு ஆளைத் தள்ளிவிடக் கூடாதுன்னு யார் போடுவாங்க? உங்க ஊர்ல இப்படி வெளியே நின்ன பசங்க இருந்தா சொல்லுங்க.