நாற்காலியும் நாமும்

சென்ற தீபாவளிக்குப் பட்டாசு வாங்குவதற்காகச் சிவகாசிக்குப் போயிருந்தோம். திரும்பும் வழியில் விருதுநகரில் இறங்கி, காமராஜர் பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்த்தோம். இப்போது அது நினைவில்லம். பத்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடக் கூடிய சிறிய வீடுதான். ஆனால் அங்கே பிடித்துக்கொண்ட யோசனை ஊர் வந்து சேர்ந்த பிறகும் நம்மை விடவில்லை.

சட்டசபை அங்கத்தினர் பதவிக்காக மனிதர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு மாமன் கடையில் வேலைக்கு நின்ற காமராஜர், உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்டு, 1937-ம் வருஷத்தில் சாத்தூர்த் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1940-ம் வருஷக் கடைசியில் மறுபடி கைதானார். அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 நவம்பரில் விடுதலையாகி வந்தவர் செய்த காரியம் என்ன? அந்தப் பதவியை ராஜினாமாச் செய்ததுதான்! காங்கிரஸ் வேலை தலைக்கு மேல் கிடக்கையில், முழு மனத்துடன் கவனிக்க முடியாத பதவியில் உட்கார்ந்திருப்பது நியாயமன்று என்பது அவருடைய கொள்கை.

1954-ல் முதல் மந்திரியானபோது அவர் சட்டசபை அங்கத்தினர் அல்லர். மேல்சபை வழியாக எளிதில் நுழைந்திருக்கலாம். அவரோ குடியாத்தம் உபதேர்தலில் நின்று ஜனங்களிடம் வோட்டுக் கேட்டார். ஒன்பது வருஷத்திற்கு மேல் ஆண்டபின், 1963 அக்டோபரில் கட்சிப் பணிக்காகத் தாமே விலகினார். 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே, பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 வோட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பையும் தலைவணங்கி ஏற்றார்.

"இதற்கும் உமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் ஊர் வாசகசாலைக் கமிட்டிக்கு நாம் உபதலைவர். மூன்று வருஷமாக ஒரு கூட்டத்திற்கும் போனதில்லை. பாவம், காரியதரிசி தனியே நின்று அல்லாடிக் கொண்டிருந்தார். பெயர்ப் பலகையில் மட்டும் நம் பெயர் ஜம்மென்று விளங்கிற்று. வெளியூர் உறவினர்கள் வந்தால், வேறு வேலை இருப்பது போல அந்தத் தெரு வழியாக அழைத்துச் செல்வதும் உண்டு.

ஊர் திரும்பிய மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதினோம். "அப்பாடா! இப்போதாவது தோன்றிற்றே!" என்றாள் நம் இல்லத்தரசி. காரியதரிசியோ ஒரு வார்த்தைகூடத் தடுத்துச் சொல்லவில்லை. அதுதான் சற்று உறைத்தது.

இப்போது அந்த இடத்தில் ஓர் இளம் ஆசிரியர் இருக்கிறார். சாயங்காலங்களில் வாசகசாலையில் குழந்தைகளின் சத்தம் கேட்கிறது. பலகையில் நம் பெயர் இருந்த இடத்தைப் பார்க்கும்போது மனத்தில் கொஞ்சம் வருத்தம் உண்டாவது உண்மை. பதவியை விடுவது ஒரு நாள் வேலை. அதன் ஆசையை விடுவதற்கு இன்னும் எத்தனை நாள் ஆகுமோ!