குளிர்காலத்தில் வண்டிவீடு எங்கே?

அமெரிக்காவில், விஸ்கான்சினில் இருக்கும் என் மகளிடம் அடுப்பு, படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ள ஒரு ‘மோட்டார் ஹோம்’ இருக்கிறது. கோடையில் ஊர் சுற்றியாயிற்று. பனிக்காலத்தில் எங்கே நிறுத்துவது? வாசலில் விட்டால் செலவில்லை. ஆனால் கூரைமேல் பனி குவிந்து, உருகிக் கசிந்தால் உள்ளே மரமெல்லாம் பாழ். அங்கே சில கண்காட்சி மைதானங்களில், கோடையில் மாடு கட்டும் கொட்டகைகளைக் குளிர்காலத்தில் வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை சல்லிசுதான். ஆனால் அக்டோபரில் விட்டால் ஏப்ரல் வரை எடுக்க முடியாது!

“கிறிஸ்துமஸ் லீவில் அத்தைக்கு ப்ளோரிடா காட்டலாமே” என்றார் மாப்பிள்ளை. “ஐஸ் ரோட்டில் கைக்குழந்தையோடயா? வேண்டாங்க” என்றாள் மகள். எனக்கும் ஆசைதான். இருந்தாலும், “கொட்டகையே சரி, மாப்பிள்ளை” என்றேன்.

அவர் தண்ணீரை வடித்து, குழாய் வெடிக்காமலிருக்க உறையாத திரவம் ஊற்றி, பேட்டரியைக் கழற்றினார். நான் ஒரு பிஸ்கட் துணுக்குகூட விடாமல் துடைத்தேன். குளிருக்கு ஒதுங்கும் எலிக்கு அதைவிட நல்ல வீடு ஏது?