பெரியப்பா கொண்டுவந்த கலர் டி.வி.

எங்கள் வீட்டு மாடி அறையில் இன்றைய தேதிக்குப் பதினேழு கலர் டி.வி. பெட்டிகள் இருக்கின்றன. பதினொன்றில் படம் வரும். மீதி ஆறும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவை. சாலிடேர், டயனோரா, கெல்ட்ரான், ஈ.சி., ஓனிடா, பி.பி.எல். என்று ஒரு காலத்தில் கல்யாணச் சீர்வரிசையில் முதல் வரியில் நின்ற பெயர்கள்தான். "எல்லா வீட்லயும் நாம டி.வி.யப் பாப்போம். இந்த வீட்ல டி.வி. நம்மளப் பாக்குது" என்பாள் என் மனைவி. மாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இந்தப் பைத்தியம் பிடித்தது பணியின் கடைசி இரண்டு வருடங்களில். 2006 செப்டம்பரில் அரசின் இலவசக் கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. பதினான்கு அங்குலப் பெட்டி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான எனக்குப் பயனாளிகள் பட்டியல் எழுதும் வேலை. ரேஷன் கார்டு நம்பர், பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். அதில் சில ஆயிரம் பெயர்களாவது என் பேனாவில் போனவை. புதிய பெட்டி வாங்கிக்கொண்டு போனவர்கள் பழையதை என்ன செய்தார்கள் என்பது உக்கடம் பழைய இரும்புக் கடைப் பக்கம் போனபோதுதான் தெரிந்தது. ஷட்டர் வைத்த மரப்பெட்டிகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. ஒரு பையன் சுத்தியலால் பிக்சர் டியூபின் கழுத்தை உடைத்துக்கொண்டிருந்தான். யோக்கில் இருக்கிற காப்பருக்காக.

"ஏனுங் சார், காப்பர மட்டும் உருவிட்டு மீதியக் குப்பைக்குப் போடறமுங்க. நீங்க என்னமோ முழுசாக் கேக்கறீங்களே?" என்றார் கடைக்காரர். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். அதுதான் முதல் பெட்டி.

தொழில் கற்றுக்கொடுத்தவர் சிங்காநல்லூரில் கடை வைத்திருந்த மெக்கானிக். என்னைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் நான் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவேன். முதல் பாடமாக டியூபின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடியைக் காட்டினார். கலர் டியூபுக்குள் அந்த வழியாக ஏறுவது இருபத்தைந்தாயிரம் வோல்ட் அளவுக்கு. "ஆஃப் பண்ணிட்டா கரண்டு போயிருச்சுன்னு நெனச்சுப்போடாதீங்க சார். செத்த மாதிரிக் கெடக்கும், தேளு மாதிரிக் கொட்டீரும்" என்றார். கம்பியை எர்த்தில் கட்டி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த மிச்சக் கரண்டை இறக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். பழகிவிட்டது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

மற்றதெல்லாம் பொறுமை. வற்றிப்போன கண்டென்சர்களை மாற்றுவது, டிரை சோல்டர் விழுந்த இடங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது, எல்.ஓ.டி. போயிருந்தால் அதே அச்சில் இன்னொன்றுக்காக ஆறு மாதம் அலைவது. டியூபில் எமிஷன் தீர்ந்துபோயிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது மனிதருக்கு மூச்சு மாதிரி.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிறந்தது புதுச்சேரியில் என்பது பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். படித்ததும் அங்கேதான், பிரெஞ்சு மீடியத்தில். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அவகாசம் தந்தார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசம். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றியவர். புதுச்சேரியில் இவர்களைச் 'சொல்தா' என்பார்கள். அவருக்குப் பிராங்கில் பென்ஷன் வந்தது. அப்பா காலமானபோது எங்களுக்கு வந்தது மளிகைக் கடைக்காரரின் பாக்கிச் சீட்டு. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தமிழில் பரீட்சை எழுதத் திணறித் திணறிக் குமாஸ்தா ஆனேன். பெரியப்பா மேல் எனக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது. அதற்கு அவர் என்ன செய்வார் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை.

1983-ல் அவர் பிரான்சை விட்டு ஊருக்கே வந்துவிட்டார். வரும்போது கப்பலில் ஒரு கலர் டி.வி. அறுபத்தாறு சென்டிமீட்டர் திரை, தேக்கு நிறப் பெட்டி, இரண்டு ஆள் தூக்க வேண்டும். ஆசிய விளையாட்டை ஒட்டி 1982-ல்தான் நம் நாட்டில் கலர் ஒளிபரப்பே வந்திருந்தது. தெருவில் யார் வீட்டிலும் கலர் பெட்டி கிடையாது. பெரியப்பா உயரமான கம்பம் நட்டு, சென்னையைப் பார்த்து மீன்முள் ஆண்டெனா கட்டி, அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து ஸ்விட்சைப் போட்டார்.

படம் கிழிந்து கிழிந்து ஓடியது. கொஞ்சம் நின்ற நேரத்திலும் போட்டோ நெகட்டிவ் மாதிரி வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரிந்தது. சத்தம் கரகரவென்று எரிச்சல். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பொங்கல் லீவுக்கு நான் போயிருந்தபோது பெரியப்பா கூடவே வந்த புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அவருக்குப் பட்டாளத்துப் பிரெஞ்சு சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. "நீ பிரான்சே படிச்சவன் தம்பி. இதுல என்ன போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். நான் மூன்று பக்கம் புரட்டினேன். "இது இந்த ஊருக்கு ஆகாது பெரியப்பா. யாருக்காவது வித்துடுங்க" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்லும்போது ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் விற்கவில்லை. பூவேலை செய்த துணி போட்டு மூடி, அதன் தலையில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை வைத்து, 1994-ல் கண்ணை மூடும்வரை அதில்தான் பார்த்தார்.

2012-ல் பெரியம்மா வீட்டை இடித்துக் கட்டும்போது, "உனக்குத்தான் இதெல்லாம் ஆசையாமே, எடுத்துட்டுப் போ தம்பி" என்றார். வேனில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தேன். புத்தகம் துணிக்கு அடியில் அப்படியே இருந்தது.

அதை முழுதாகப் படித்தது அப்போதுதான். விஷயம் இதுதான். அமெரிக்காவின் கலர் முறை என்.டி.எஸ்.சி. அதில் நிறம் நிலையாக நிற்பதில்லை என்று கேலி செய்வார்கள். ஜெர்மானியர் வால்டர் புரூக் அதைத் திருத்திப் 'பால்' என்ற முறையைக் கொண்டுவந்தார். நம் நாடு எடுத்துக்கொண்டது அதைத்தான். பிரெஞ்சுக்காரர்களோ ஆன்ரி த பிரான்ஸ் என்ற பொறியாளர் கண்டுபிடித்த 'செக்காம்' முறையில் 1967 அக்டோபரில் கலர் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். ஒரு வரிக்கு ஒரு நிறச் செய்தி, அடுத்த வரிக்கு இன்னொன்று. முந்தையதை 64 மைக்ரோ செகண்ட் ஞாபகத்தில் வைத்து இரண்டையும் பெட்டி சேர்த்துக்கொள்ளும். இது போதாதென்று, வெளிச்சத்தையும் சத்தத்தையும் அலையில் ஏற்றும் விதமும் நமக்கு நேர்மாறு. அதனால்தான் அன்று நெகட்டிவ் தெரிந்தது.

ஆனால் பின்பக்கங்களில் இன்னொன்று இருந்தது. பெட்டியின் முதுகில் இருபத்தோரு துளை கொண்ட ஒரு சாக்கெட். 'பெரிடெல்' என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பிரான்சில் விற்ற கலர் பெட்டிகளில் இது கட்டாயமாக இருந்தது. இதன் வழியாகச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் நேராக உள்ளே விடலாம். பால், செக்காம் என்ற மொழிபெயர்ப்பே வேண்டாம். பிரெஞ்சு வீடியோ டெக்கைக்கூட அதில் செருகலாம் என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். பெரியப்பாவின் சொல்தா நண்பர்கள் இரண்டு பேர் பாரீசிலிருந்து டெக்கும் கேசட்டுகளும் கொண்டுவந்திருந்தார்கள். நாலு வீடு தள்ளி. நாலு வீடு.

வாத்தியாரும் நானும் இரண்டு மாதம் உட்கார்ந்தோம். அவர் போர்டைப் பார்ப்பார், நான் புத்தகத்தைப் பார்ப்பேன். இருபத்தெட்டு கண்டென்சர் மாற்றினோம். டியூபைச் சோதித்தவர், "ஏனுங் சார், இது புதுசுங்க! ஒரு வாரங்கூட ஓடியிருக்காதுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பாரீசில் இருக்கும் பெரியப்பா மகள் பெரிடெல் வைத்த பழைய டி.வி.டி. பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு கோடையில் பெரியம்மாவைக் கோவைக்கு அழைத்தோம். நான் போட்டது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் எடுத்த தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். அந்த வருடம் லீவில் வந்த பெரியப்பா அதை நாலு தடவை பார்த்ததாகப் பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். திரை மெதுவாகச் சூடேறி, முதலில் சிவப்பு, பிறகு எல்லாம் வந்தது. பிரிண்ட் வெளிறியதுதான். ஆனாலும் கலர்.

பெரியம்மா அரைமணி நேரம் பார்த்தார். பிறகு, "நிறுத்திடு தம்பி. அந்தப் புஸ்தகம் இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். வாங்கிப் புரட்டிவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "மொதப் பக்கத்துலேருந்து படிச்சுச் சொல்லு. அவரு கேட்டாரு இல்ல?"

உட்கார்ந்து படித்தேன். பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், மேலே பூச்சாடி வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பூச்சாடி என்றதும், "அவரு டி.வி.யே வச்சாரே" என்று சிரித்தார். பெரிடெல் பக்கம் வருவதற்குள் பெரியம்மா தூங்கிவிட்டிருந்தார். நான் விடாமல் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன்.