கலெக்டரின் சின்ன வீடு!

நாடுகாணியில் என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். போன டிசம்பர் லீவில் அவன் ரூம் வாசலில் நின்று, நிலம்பூர் பக்கம் இறங்குகிற காட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த நீலகிரியில வெள்ளைக்காரன் முதமுதலா கட்டின வீட்டைப் பார்க்கணும்டா" என்றேன்.

"ஊட்டியில தேடாதே மாப்ளே. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்குல இருக்கு... கலெக்டரோட சின்ன வீடு!"

தப்பாக நினைக்காதீர்கள். நிஜமாகவே வீடு சின்னது. கலெக்டருக்குக் கல்யாணம் ஆனதே அதற்கு அடுத்த வருஷம்தான்!

மாவட்டத்தின் மேற்கு மூலையிலிருந்து கிழக்குக்கு ஒருநாள் பயணம். கூடலூர், ஊட்டி, கோத்தகிரி என்று பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் காலை சாப்பிட்ட புட்டோடு போராடி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். கன்னேரிமுக்கு, படகர் ஊர். "சிவப்பு பங்களாதானே சார்?" என்று ஒரு பையன் கை காட்டினான்.

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனுக்கு அப்போது 30 வயசு. 1819 ஜனவரியில், இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்கடியில் கிடக்கும் தண்ணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து மலையேறினார். ரோடாவது, பஸ்ஸாவது! ஆறு நாள். வழியில் கூட வந்த சிலர் செத்தே போனார்கள். அவர்கள் பெயர் எதுவும் வீட்டுக்குள் என் கண்ணில் படவில்லை.

அந்த வருஷமே கட்டிய வீடு இது. பெத்தக்கல் பங்களா என்று பெயர். பங்களா என்றதும் சினிமா பங்களாவைக் கற்பனை செய்து கொண்டு போகாதீர்கள். சிவப்புச் சுவர், வெள்ளை ஜன்னல், ஒரு மாடி. அவ்வளவுதான். நம் ஊர் தாலுகா ஆபீஸ் இதைவிடப் பெரிசு! குளிர் தாங்கினால் போதும் என்று கட்டியது போலிருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

சல்லிவன் இங்கே நிலைக்கவில்லை. ஊட்டிக்குப் போய் 1822-ல் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். இப்போது அங்கே அரசு கலைக் கல்லூரி. அந்த நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினாராம். பி.காம். மூளைக்கு இது நெருடுகிறது. ஆனால் பின்னாளில், இந்த மண் தோடர்களுக்கே சொந்தம் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டியவரும் இவரேதான். எந்தப் பக்கத்தில் பற்று, எந்தப் பக்கத்தில் வரவு எழுதுவது?

மலையும் அவரிடம் வசூலித்துவிட்டது. 1838-ல் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இறந்து, ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச் கல்லறையில் படுத்துவிட்டார்கள்.

கன்னேரிமுக்கு வீடு ரொம்ப காலம் இடிந்து கிடந்தது. 2002-ல் மாவட்ட நிர்வாகம் எடுத்துக் கட்டி, நீலகிரி ஆவணக் காப்பகமும் மியூசியமும் வைத்தது. பழங்குடிகளின் படங்கள், பழைய ஊட்டியின் போட்டோக்கள்... ஒரு மணி நேரம் இருந்தேன். வேறு ஆள் வரவில்லை.

திரும்பும்போது ஊட்டி ஏரியில் போட் டிக்கெட்டுக்கு ரோடு வரை க்யூ. அந்த ஏரியை வெட்டியதும் சல்லிவன்தான். முன்னால் நின்றவரிடம் சொன்னேன்.

"அப்படியா? பெடல் போட்டுக்கு எவ்வளவு சார்?" என்றார்.